கணவாய்க்கு அப்பால் கிடைக்கும் பேச்சு: செங்கோட்டை – கொல்லம் வழியில் வியாபாரம் செய்பவருக்கு ஒரு பதில்

தென்காசியில் எவர்சில்வர் பாத்திர மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கேட்டிருப்பது இது: "ஆர்டருக்கும் வசூலுக்குமாக மாதத்தில் நான்கைந்து தடவை புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் போய் வருகிறேன். ரயிலிலும் டீக்கடையிலும் வேறு வேறு தொழில் செய்பவர்களைப் பார்க்கிறேன். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் தொழிலுக்கு உண்மையில் பயன் உண்டா? உண்டென்றால் எப்படித் தொடங்குவது? மலையாளம் எனக்கு அரைகுறை, அது தடையாகுமா?"

பயன் உண்டு. ஆனால் பெரும்பாலோர் எதிர்பார்க்கும் இடத்தில் அது கிடைப்பதில்லை. நான் செங்கோட்டையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அட்டைப்பெட்டி, சணல் சாக்கு, வலைப்பை ஆகிய பேக்கிங் சாமான்களை விற்கிறேன். காய்கறி மண்டி, முந்திரிப் பருப்புக் கம்பெனி, மசாலாக் கடை என்று எல்லாத் தொழிலுக்கும் பின்வாசல் வழியாகப் போகிறவன் என்பதால், எந்தத் தொழிலையும் முழுமையாக அறியாமலே ஒவ்வொன்றின் தொல்லையையும் கொஞ்சம் கொஞ்சமாக அறிந்திருக்கிறேன். தொடக்கத்தில் நானும் எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், "இந்தத் தொழில்ல முன்னுக்கு வர என்ன செய்யணும் அண்ணாச்சி?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நேர்மை வேண்டும், கடன் வைக்காதே, உழைப்பு வேண்டும் என்று யாவரும் ஒரே பதிலைத் தந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் ஊரெல்லாம் கடன் வைத்திருந்தவர்கள் என்பது பின்னால் தெரியவந்தது. பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. பொதுவாகக் கேட்டால் மனிதர்கள் பொதுவாகத்தான் பதில் சொல்வார்கள்.

"நேற்று உங்கள் கடையில், கோடவுனில் என்ன வேலை நடந்தது?" என்று கேட்டால் கதை வேறு. அதற்கு உபதேசமாகப் பதில் சொல்ல யாராலும் முடியாது. நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். எனக்குக் கிடைத்த உருப்படியான பாடங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு கேள்வியின் வழியாக வந்தவை. ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2010-ல் மீட்டர் கேஜ் ரயில் நிறுத்தப்பட்டு, 2018 ஜூனில் புனலூர் – செங்கோட்டை அகலப்பாதை திறக்கப்படும் வரை, நாங்கள் எல்லோரும் பஸ்ஸில்தான் மலை ஏறி இறங்கினோம். பஸ்ஸில் பேசினால் பக்கத்து ஆளோடு சரி. ரயில் வந்த பிறகு எட்டுப் பேர் எதிரெதிரே உட்கார்ந்து வரும் வசதி மறுபடியும் கிடைத்தது. பாதை திறந்த மறு ஆண்டு, ஜூன் மாதத்தில், சென்னையிலிருந்து வரும் கொல்லம் எக்ஸ்பிரஸில் செங்கோட்டையில் ஏறினேன். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழையும்போது இந்தப் பக்கம் மெல்லிய சாரல்தான். ஆரியங்காவுப் பக்கம் வெளியே வரும்போது ஜன்னலைச் சாத்த வேண்டிய அளவுக்கு மழை. எதிரே இருந்தவர் கொல்லம் பக்கத்தில் முந்திரிப் பருப்பு பேக்கிங் பார்ப்பவர். மழையைப் பற்றிப் பேசத் தொடங்கி, நேற்று என்ன வேலை என்று கேட்டேன். "நேற்று முழுவதும் பெட்டி மாற்றும் வேலை" என்றார். பருப்பு ஏற்றுமதிச் சரக்காக இருந்து பழகியதால் அந்தத் தொழிலில் இன்றும் பவுண்டுக் கணக்குதான். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டு எடையில் முந்நூறு முதல் முந்நூற்று இருபது முழுப்பருப்பு நிற்கும் என்று பொருள், ஒரு டின் அல்லது பை 25 பவுண்டு, அதாவது 11.34 கிலோ. இரண்டிரண்டு பையாக அட்டைப்பெட்டியில் வைத்து அடுக்கியிருந்ததில், அடியில் இருந்த இரண்டு வரிசைப் பெட்டிகள் ஒரே வாரத்தில் உட்கார்ந்துவிட்டன என்றார்.

நான் பெட்டிக்காரன் என்று சொன்னதும் அவர் பையிலிருந்து ஒரு கிழிந்த மூடித்துண்டை எடுத்தார். விரலைத் தண்ணீரில் நனைத்து, அட்டையின் வெட்டு ஓரத்தில் வைத்துச் சிறிது நேரம் அழுத்தினார். பிறகு நகத்தால் நெம்பினார். மேல் தாள் தனியாக, நெளிதாள் தனியாகக் கழன்று வந்தது. "பெட்டி கொள்ளாம் அண்ணாச்சி, பக்ஷே மழயத்து நிக்கத்தில்ல" என்றார். பெட்டி நல்ல பெட்டிதான், மழைக்காலத்தில் நிற்காது என்பது அதன் பொருள். நான் அதுவரை தாளின் கனத்தைத்தான் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தேன். தாள்களை ஒட்டும் பசை மாவுப்பசை என்பதும், காற்றின் ஈரத்திலேயே அது இளகும் என்பதும், நம் பக்கத்துப் பாவூர்சத்திரத்தில் ஆறு மாதம் நிற்கும் பெட்டி மலைக்கு அந்தப் பக்கம் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் ஒரு மாதம்கூட நிற்காது என்பதும் எனக்குத் தெரியாது. பதினைந்து ஆண்டு அனுபவம் என்று சொல்லிக்கொண்டிருந்தவனின் நிலை அது. அந்த ஆண்டு முதல் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கேரளத்துக்குப் போகும் சரக்கில் மூன்றடுக்குப் பெட்டியைக் குறைத்து ஐந்தடுக்குப் பெட்டியை, ஈரம் தாங்கும் பசை போட்டதாகக் கேட்டு வாங்கி, கொஞ்சம் விலை கூட்டியே விற்கிறேன். தரையில் நேராக அடுக்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்கச் சொல்லவும் கற்றுக்கொண்டேன். விரலை நனைத்து அழுத்தும் சோதனையை இன்று என் கடைப் பையன்கள் ஒவ்வொரு லோடுக்கும் செய்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் என் தொழில்காரர் இல்லை என்பது. ஒரே தொழில்காரர்கள் இருவர் ரயிலில் சந்தித்தால் இருவரும் மற்றவர் எங்கே சரக்கு எடுக்கிறார், யாருக்குப் போடுகிறார் என்று தூண்டில் போடுவதிலேயே புனலூர் வந்துவிடும். உங்கள் பாத்திரத்தைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்லக்கூடியவர் இன்னொரு பாத்திரக்காரர் என்று எண்ண வேண்டாம். கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுபவரும், கேட்டரிங் நடத்துபவரும், பாத்திரங்களை ஏற்றி இறக்கும் வேன் டிரைவரும் உங்கள் சரக்கில் எது நெளிகிறது, எதன் கைப்பிடி கழல்கிறது என்பதை அறிந்தவர்கள். அதை உங்களிடம் மறைக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

இரண்டாவதாக நான் கற்றது பணத்தைப் பற்றியது. உங்களுக்கும் வசூல் வேலை இருப்பதால் இது நேரடியாகப் பயன்படும். புளியங்குடியிலிருந்து எலுமிச்சங்காய் ஏற்றும் ஒருவரை ஆரியங்காவில் ஒரு டீக்கடையில் அடிக்கடி பார்ப்பேன். ஊறுகாய்க்கும் சர்பத்துக்குமாகப் புளியங்குடி எலுமிச்சை கேரளத்துக்கு ஏராளமாகப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஓணத்துக்கு முந்தைய வாரம் ஒன்றில், எல்லோரும் லோடு பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒரு சின்ன நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நேற்று என்ன வேலை என்று கேட்டேன். "நேத்து பூரா ரெண்டு கோடு போட்டேன்" என்று சிரித்தார். நோட்டைக் காட்டினார். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பக்கம். ஒரு பத்தியில் "சொன்ன நாள்", பக்கத்துப் பத்தியில் "வந்த நாள்". தொகையைக்கூட அவர் அதில் எழுதுவதில்லை. அதற்குச் சிட்டை தனியாக இருக்கிறதே என்றார்.

அந்த நோட்டின் அருமை உடனே எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து என் பழைய பில்களைப் புரட்டி அதேபோல் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. நான் மோசமான பார்ட்டி என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு கடைக்காரர், சொன்ன நாளிலிருந்து எப்போதும் பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளித் தருகிறார். அதற்கு மேல் ஒருநாளும் தள்ளியதில்லை. தங்கமான மனிதர் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த இன்னொருவர், மூன்று தடவை சொன்ன நாளுக்கு முன்பே கொடுத்துவிட்டு நான்காவது தடவை மூன்று மாதம் இழுத்திருந்தார். முன்னவருக்கு நான் பன்னிரண்டு நாளைக் கூட்டிக் கணக்குப் போட்டு நிம்மதியாகச் சரக்கு அனுப்பலாம். பின்னவரை நம்பி, எனக்குப் பெட்டி தரும் மில்காரருக்கு நான் பணம் தரும் நாளைச் சொல்லக் கூடாது. அங்கே சிங்க மாதம், நமக்கு ஆவணி: ஓணத்துக்குச் சரக்கு கேட்டு ஆர்டர் குவியும், பணம் ஓணம் கழிந்துதான் வரும் என்பது இந்த வழியில் எல்லோருக்கும் தெரிந்த பொது அறிவு. ஆனால் ஓணம் கழிந்து எத்தனையாவது நாள் என்பது கடைக்குக் கடை வேறுபடுகிறது என்பதை எலுமிச்சைக்காரரின் நோட்டுதான் எனக்குக் காட்டியது.

எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அதில் பெரிய நுட்பம் ஒன்றும் இல்லை. மழை, லாரி வாடகை, ரோடு இந்த மூன்றில் எதைத் தொட்டாலும் பேச்சு வந்துவிடும். தென்மலை ரோட்டில் மண் சரிந்ததா என்று கேட்டால் வாயே திறக்காத மனிதரும் பத்து நிமிடம் பேசுவார். லாபம் எவ்வளவு, சரக்கு எங்கே எடுக்கிறீர்கள், ஆட்களுக்குச் சம்பளம் என்ன என்று முதல் சந்திப்பில் கேட்கக் கூடாது. கேட்டால் அத்துடன் அவர் போனை எடுத்துவிடுவார். நீங்களும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். உங்கள் கடையில் போன வாரம் நடந்த ஒரு தவற்றை முதலில் நீங்கள் சொல்லுங்கள். தன் தவற்றைச் சொல்லும் ஆளிடம்தான் மற்றவர் தன் தவற்றைச் சொல்கிறார். இது தந்திரமாகச் செய்தால் தெரிந்துவிடும். உண்மையான தவறாகவே இருக்கட்டும், நம்மிடம் அதற்கு என்ன பஞ்சமா?

கேட்டதை எல்லாம் நம்பிவிடவும் கூடாது. விலை நிலவரம் பற்றி வழியில் கேட்கும் பேச்சில் பாதி, பேசுகிறவர் வாங்கப் போகிறாரா விற்கப் போகிறாரா என்பதைப் பொறுத்தது. வாங்கப் போகிறவருக்கு மார்க்கெட் என்றைக்கும் டல்தான். அதைவிட ஆபத்தானது சட்டம் பற்றிய பேச்சு. அதில் நானே அவமானப்பட்டிருக்கிறேன். 2024 தொடக்கத்தில் ரயிலில் ஒருவர், சிறு நிறுவனங்களுக்கு நாற்பத்தைந்து நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் வாங்கியவருக்கு வருமான வரியில் அடி விழும் என்று புதுச் சட்டம் வந்துவிட்டது என்றார். சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு என்னிடம் இருக்கிறதே என்று ஊர் திரும்பியதும் ஏழு பார்ட்டிகளுக்குக் கடுமையான கடிதம் எழுதி அனுப்பினேன். அதில் ஒருவர் தன் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார்.

ரயில்காரர் சொன்னது பொய்யல்ல, பாதி. வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் அப்படியொரு விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். ஆனால் அது குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருவோருக்கும் உரியது. மொத்த, சில்லறை வியாபாரிகள் உத்யம் பதிவு செய்துகொள்ளலாம் என்று 2021 ஜூலையில் அனுமதித்தபோதே, வங்கியில் முன்னுரிமைத் துறைக் கடன் என்ற பயனுக்கு மட்டுமே அது என்று வரையறுத்துவிட்டார்கள். நான் பெட்டி செய்பவன் இல்லை, வாங்கி விற்பவன். எனக்கு அந்த விதியில் உரிமையே இல்லை. ஏழு பேரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. நீங்களும் வாங்கி விற்பவர்தான், எனவே உங்கள் பாக்கிதாரர்களிடம் இதை நீட்ட முடியாது. ஆனால் உங்களுக்குப் பாத்திரம் அடித்துக் கொடுக்கும் பட்டறை சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், அவர்களுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய பணத்துக்கு இது பொருந்தும். மார்ச் கடைசிக்குள் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வழியில் கேட்ட சட்டத்தை ஆடிட்டரிடம் கேட்காமல் பயன்படுத்துவதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

அதே சமயம், சட்டத்தைப் பற்றிய பேச்சை முற்றிலும் ஒதுக்கவும் முடியாது, ஏனென்றால் எதைக் கேட்க வேண்டும் என்பதே சில வேளை அந்தப் பேச்சில்தான் தெரியவருகிறது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வண்டியில் போக இ-வே பில் என்னும் மின்னணுச் சீட்டு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் அதன் ஆயுள் என்பதும் தெரியும். மலை ரோட்டில் லாரி நின்றுவிட்டால், கெடு முடிவதற்கு முந்தைய எட்டு மணி நேரத்திலோ பிந்தைய எட்டு மணி நேரத்திலோ அதை நீட்டித்துக்கொள்ளலாம் என்பதையும், புனலூரில் வேறு வண்டிக்கு மாற்றினால் அந்தச் சீட்டில் வண்டி விவரம் எழுதும் பகுதியான பார்ட்-பி-யில் வண்டி எண்ணை மாற்றியாக வேண்டும் என்பதையும் எனக்கு ஒரு லாரிக்காரர்தான் சொன்னார். சரக்கு இறக்கும் கூலி விஷயமும் அப்படித்தான். கேரளத்தில் சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்ததற்காகக் கேட்கும் நோக்குகூலியை அரசு 2018 மே முதல் தேதியிலிருந்து ஒழித்துவிட்டது. லோடு போகுமுன் கடைக்காரரிடம், இறக்குவது யார், கூலி என்ன, அதைத் தருவது நீங்களா நாங்களா என்று மூன்றையும் பேசி முடித்துவிடுங்கள் என்று டைல்ஸ் வியாபாரி ஒருவர் சொன்னதிலிருந்து எனக்கு அங்கே தகராறு வந்ததில்லை.

நான் செய்த இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கடைக்காரர் தன் பக்கத்துக் கடைக்காரரின் பண நெருக்கடியைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னதை, வேறொரு ஊரில் வேறொருவரிடம் பேச்சுவாக்கில் நானும் சொன்னேன். மூன்றாம் நாள் அது மலையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. சொன்னவர் என்னைத் திட்டவில்லை. அடுத்த தடவை போனபோது டீ வாங்கிக் கொடுத்தார், மழையைப் பற்றி மட்டும் பேசினார். இரண்டு ஆண்டாகியும் அந்தக் கடையில் மழையைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை. தொழில் முறையை எங்கும் கொண்டுபோகலாம், ஆளைப் பற்றிய செய்தியைக் கேட்ட இடத்திலேயே விட்டுவிட வேண்டும். பேர் சொல்லாமல் சொன்னால் போதும் என்று எண்ணாதீர்கள். கொட்டாரக்கரையில் எத்தனை மொத்தக் கடை இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா?

மலையாளம் அரைகுறை என்பது தடையே இல்லை. சில வேளை அதுவே உதவி. புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, அப்படி மறுபடி சொல்லும்போது மனிதர்கள் இன்னும் விவரமாகச் சொல்கிறார்கள். தவிரவும் நம் பகுதி வெறும் அண்டை ஊர் அல்ல. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். எங்கள் தாத்தா காலத்துப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் போட்டிருக்கும். கொல்லத்திலேயே கி.பி. 849-ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துச் செப்பேட்டில், அரபி எழுத்திலும் பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் சாட்சிகள் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். ஒருவர் மொழி ஒருவருக்கு முழுதாகத் தெரிந்தா அங்கே வியாபாரம் நடந்திருக்கும்?

ஆனால் ஒரே சொல் இரண்டு பக்கமும் இருந்து பொருள் மாறும்போதுதான் கால் இடறும். 2018 ஆகஸ்டில் கேரளம் முழுவதும் பெருவெள்ளம் பார்த்ததற்கு மறு மாதம், புனலூரிலிருந்து ஒருவர் போன் செய்து, பெட்டியில் "வெள்ளம் வீணு" என்றார். கோடவுனே மூழ்கிவிட்டது என்று பதறி, இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். அங்கே வெள்ளம் என்றால் தண்ணீர். ஓடு ஒன்று உடைந்து நான்கு பெட்டி நனைந்திருந்தது. "பற்று" என்ற சொல் மட்டும் எனக்கு அங்கே வீட்டு நினைவைத் தருகிறது: நம் பேரேட்டிலும் பற்று, அவர்கள் கடைகளில் கடனுக்கு வாங்கி எழுதுவதும் பற்று.

வசூலுக்குப் போகும் உங்களுக்கு முக்கியமான சொல் "நோக்காம்" என்பது. பார்க்கலாம் என்று பொருள். தொடக்கத்தில் அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மில்காரருக்கு நாள் சொல்லி மாட்டிக்கொண்டேன். பிறகு மறுப்பு என்று எடுத்துக்கொண்டு வீணாகக் கோபப்பட்டேன். இரண்டும் இல்லை. யோசிக்க நேரம் வேண்டும் என்கிறார், அவ்வளவுதான். அப்போது நான் கோபமும் காட்டாமல் சிரிக்கவும் செய்யாமல், எனக்குத் தெரிந்த மலையாளத்தில் "எந்நு தரும் சேட்டா?" என்று கேட்டுவிட்டு நோட்டைத் திறந்து வைத்துக்கொள்வேன். அவர் நோட்டைப் பார்ப்பார், காலண்டரைப் பார்ப்பார், "அடுத்த சொவ்வாழ்ச்ச" என்பார். செவ்வாய் என்று முதல் பத்தியில் எழுதிக்கொண்டு, அடுத்த பத்தியை வெறுமையாக விட்டு எழுந்து வந்துவிடுவேன்.